மெதுவாய் ஓடும் மாதங்கள்

நவம்பர் 3, ஞாயிறு

இன்று அதிகாலை மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போயின. நாளையிலிருந்து வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டுத்தான். டிசம்பர் நடுப்பகுதியில் ரொறொன்ரோவில் 4.40 அளவில் சூரியன் மறைந்துவிடும். ஆகவே ஓட்டம் காலைக்கு மாறுகிறது. கிழமை நாட்களில் குறுந்தூரம், சனி அல்லது ஞாயிறு நெடுந்தூரம்.

மார்ச் கடைசியில் ஹமில்டனில் நடக்கும் 'அரவுண்ட் த பே' ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று. குடாவைச் சுற்றி 30 கிலோமீட்டர். 1894ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று முதன்முதலாக ஓடினார்கள். பொஸ்ரன் மரதன் அதைவிட மூன்று ஆண்டு இளையது. இந்தப் பக்கத்து ஓட்டக்காரர் இதைச் சொல்லும்போது, தாங்களே தொடக்கிவைத்த மாதிரி ஒரு மிடுக்கு வந்துவிடும். 1900இல் பொஸ்ரனில் முதல் மூன்று இடங்களையும் ஹமில்டன்காரரே பிடித்தார்கள் என்பதால் அந்த மிடுக்கை மன்னிக்கலாம்.

வசந்தத்தில் ஓடுவதற்குப் பனிக்காலம் முழுக்கப் பழக வேண்டும். அதில்தான் சிக்கல், அதில்தான் சுவையும்.

நவம்பர் 12, செவ்வாய்

இந்தப் பருவத்தின் முதல் உறைநிலைக் காலை. −3. அம்மா குசினி யன்னலால் பார்த்துவிட்டு, "உந்தக் குளிருக்கை ஆரைத் துரத்திக்கொண்டு ஓடப்போறாய் பிள்ளை?" என்று கேட்டா. பதில் இல்லாத கேள்வி. கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன்.

குளிரில் ஓடுவோரிடையே ஒரு பழைய கணக்கு உண்டு. வெளியே உள்ள வெப்பநிலையோடு பத்துப் பாகை கூட்டி, அதற்கு ஏற்றபடி உடுத்த வேண்டும். −3 என்றால் 7 பாகைக்குரிய உடுப்பு. வாசலில் நிற்கும்போது நடுங்க வேண்டும். வாசலிலேயே சுகமாக இருந்தால் மூன்றாம் கிலோமீட்டரில் அவிந்துபோவோம். உள்ளே மெல்லிய கம்பளிச் சட்டை, மேலே காற்றுத் தடுக்கும் ஒன்று, அவ்வளவுதான். பருத்தி மட்டும் ஆகாது. வியர்வையைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கிடக்கும். ஒரு சிவப்பு விளக்கில் இரண்டு நிமிடம் நின்றாலே முதுகு விறைக்கும். கைக்கு விரல் பிரியாத உறைதான் நல்லது. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும்.

முதல் தடவை குளிரில் ஓடுகிறவர்கள் எல்லாரும் நுரையீரல் உறைந்துபோகுமோ என்று பயப்படுவார்கள். காற்று அங்கே போய்ச் சேருமுன் மூக்கும் தொண்டையும் அதைச் சூடாக்கி ஈரப்படுத்திவிடுகின்றன. நெஞ்சு எரிவதற்கும் இருமல் வருவதற்கும் குளிரைவிட வறட்சிதான் பெரிய காரணம். ஆஸ்துமாக்காரர் இதில் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு வாயை மூடி ஒரு கழுத்துத் துணி போதும். மூக்குக்குத்தான் இரட்டை வேலை, அதனால் அது ஓயாமல் ஒழுகும். ஓட்டக்காரரின் கையுறையை யாரும் இரவல் வாங்கக்கூடாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நவம்பர் 23, சனி

பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் சேர்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்ப்பவள், முப்பதைத் தாண்டவில்லை, என்னைவிட வேகம். ஹமில்டன் ஓட்டம் அவளுக்கு இதுதான் முதல் தடவை. மோர்னிங்சைட் பூங்காவில் தொடங்கி, ஹைலண்ட் கிறீக் ஓரமாக ஏரிக்கு இறங்கும் பாதையில் போனோம். ஒக்ரோபரில் சமன் மீன்கள் எதிர்த்து ஏறிய ஆறு. இப்போது கரையோரக் கற்களில் மெல்லிய ஐஸ் விளிம்பு.

புறப்படுமுன் அவள் கைத்தொலைபேசியைக் காட்டினாள். "அக்கா, −5 எண்டு போட்டிருக்கு, ஆனால் −13 மாதிரி இருக்குமாம். போவமோ?"

அந்த −13 எப்படி வந்தது என்பது இந்த ஊர்க் கதை. காற்றோடு சேர்ந்த குளிரின் பழைய கணக்கு 1940களில் அந்தாட்டிக்காவில் தண்ணீர் உறையும் நேரத்தை அளந்து போட்டது. இப்போதையதை 2001இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து கொண்டுவந்தன. அதற்காக ரொறொன்ரோவில் இருந்த இராணுவ ஆய்வு நிலையத்தில் பன்னிரண்டு தொண்டர்களைக் குளிர்க் காற்றுச் சுரங்கத்துக்குள் ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு, முகத்தில் வெப்பம் இழக்கும் வேகத்தை அளந்தார்கள். கனடாவில் அந்த எண்ணுக்குப் பின்னால் பாகைக் குறி போடமாட்டார்கள். அது வெப்பநிலை அல்ல, தோலின் முறைப்பாடு.

அந்தக் கணக்கு மணிக்கு 4.8 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கானது. ஓடுகிறவர் தன் காற்றைத் தானே உண்டாக்குகிறார். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றை எதிர்த்துப் பத்து வேகத்தில் ஓடினால் முகத்துக்கு அது நாற்பது, திரும்பும்போது இருபதுதான். ஆகவே போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகுக் காற்று. மாறிச் செய்தால் நனைந்த உடம்போடு காற்றுக்கு நெஞ்சைக் கொடுக்க வேண்டிவரும்.

போனோம். மேற்குக் காற்று என்பதால் பாதையை விட்டு முதலில் மேற்கே போய்ச் சுற்றிக்கொண்டு இறங்கினோம். ஆனால் தங்கச்சி மூன்றாம் கிலோமீட்டரில் பொறுமை இழந்தாள். கை மணிக்கூட்டைத் தட்டிக் காட்டி, "அக்கா, நாங்கள் ஓடுறமோ நடக்கிறமோ?" என்றாள். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம். அவளுக்கு அது அவமானம். கதைத்துக்கொண்டே ஓடமுடிகிற வேகம்தான் இன்றைய வேலை என்றேன். "அப்ப வடிவாய்க் கதையுங்கோ" என்றுவிட்டு முன்னே பறந்துபோனாள். ஏரிக்கரைப் பாலத்தில் இருமிக்கொண்டு நின்றாள்.

நவம்பர் 26, செவ்வாய்

மெதுவாய் ஓடுவது பற்றித் தங்கச்சிக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஓட்டக்காரர் ரொம் லோங்போட் ஓனன்டாகா என்ற பழங்குடி இனத்தவர். ஹமில்டனுக்கு அருகேயுள்ள சிக்ஸ் நேஷன்ஸ் நிலத்தில் பிறந்தவர். சிறுவனாகப் பழங்குடிப் பிள்ளைகளுக்கான வதிவிடப் பள்ளியில் போட்டார்கள். இரண்டு முறை தப்பி ஓடினார். 1906இல் இதே குடாவைச் சுற்றி ஓடி வென்றார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பொஸ்ரன். குளிரும் சேறுமான நாள். வழியில் ஒரு சரக்கு ரயில் குறுக்கே வந்து பின்னால் வந்தவர்களை மறித்துக்கொண்டது, அதற்குள் முன்னணியினர் கடந்துவிட்டார்கள். 2 மணி 24 நிமிடம் 24 செக்கன். அப்போது தூரம் இன்றைய மரதனைவிடக் குறைவுதான், ஆனால் இருந்த சாதனையை ஏறத்தாழ ஐந்து நிமிடத்தால் உடைத்தார்.

அப்படிப்பட்டவரைப் பத்திரிகைகள் சோம்பேறி என்று எழுதின. காரணம், அவர் நாள்தோறும் முழுவேகத்தில் ஓட மறுத்தார். ஒருநாள் கடினமாக ஓடினால் அடுத்து நெடுந்தூரம் நடப்பார், மெதுவாய் ஓடுவார். பயிற்சியாளர்களோடு அதற்காகவே சண்டை. கடினநாள், இலகுநாள் என்று இன்று எந்தப் பயிற்சி அட்டவணையிலும் இருப்பது இதுதான். வெள்ளைக்காரப் பயிற்சியாளர் சொன்னபோது அது விஞ்ஞானம். பழங்குடி இளைஞன் செய்துகாட்டியபோது சோம்பல். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

முதலாம் உலகப் போரில் பிரான்சில் செய்தி கொண்டோடும் வேலை பார்த்தார். பிறகு ரொறொன்ரோ மாநகரசபையில் தெருத் துப்புரவுப் பிரிவில் உழைத்தார்.

டிசம்பர் 1, ஞாயிறு

தனியே போனேன். ஏரியைத் தொட்டதும் குளிர் ஒரு படி தணிந்தது. ஒன்ராறியோ ஏரியின் அதிகபட்ச ஆழம் 244 மீற்றர். கோடையில் சேர்த்த சூட்டை இலேசில் விடாது. டிசம்பரில் கரையோரம் உட்பகுதியைவிட இதமாக இருப்பது அதனால். வசந்தத்தில் இதே ஏரி குளிரைப் பிடித்துவைத்துக்கொண்டு கரைக்காரரைப் பழிவாங்கும், அது வேறு கதை.

போர்ட் யூனியன் கரைப்பாதையில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கோ புறநகர் ரயில் தண்டவாளம். மெதுவாய் ஓடினேன், மெதுவாய் என்றால் நாய் கூட்டிவந்த ஒரு கிழவர் கொஞ்சத் தூரம் கூடவே வந்து வானிலை பேசும் அளவுக்கு. குளிர்காலம் இந்த வேகத்தை நமக்குப் பழக்கிவிடுகிறது. கனமான உடுப்பு, பிடிமானமில்லாத தரை, இறுகிய தசை எல்லாம் சேர்ந்து ஒரு கிலோமீட்டருக்கு அரை நிமிடமாவது பிடுங்கிக்கொள்ளும். கோடையில் அந்த அரை நிமிடத்துக்காக மல்லுக்கட்டுவேன். இப்போது மணிக்கூடு ஜக்கெற் கைக்குள் மறைந்து கிடக்கிறது. எடுத்துப் பார்ப்பதென்றால் கையுறையைக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு யாருக்கு மனம் வரும்?

டிசம்பர் 5, வியாழன்

இரவு ஈர ஸ்னோ, விடிய உறைவு. தார் நிறத்திலேயே கிடந்து ஆளை விழுத்தும் பிளாக் ஐஸ். உப்பு வண்டி பெருந்தெருவுக்கு வந்துவிட்டது, நடைபாதைக்கு வரவில்லை. −10க்குக் கீழே போனால் உப்பும் சரியாக வேலை செய்யாது. இந்தத் தரையில் பாதத்தை உடம்புக்கு நேர்கீழே வைத்துக் குட்டைக் காலடியாகப் போக வேண்டும். அப்படி ஓடுவதைவிட நடப்பது நல்லது. ஒரு மணித்தியாலம் நடந்தேன். அம்மாவுக்கு மெத்தத் திருப்தி. "இப்பதான் புத்தி வந்திருக்கு" என்றா.

டிசம்பர் 8, ஞாயிறு

தங்கச்சி திரும்பி வந்தாள். லோங்போட் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவர் பொஸ்ரன் வெண்டவர் அக்கா, மெதுவாய் ஓடலாம். நான் இன்னும் ஒண்டும் வெல்லேல்லையே" என்றாள். நல்ல வாதம்தான். ஆனாலும் இம்முறை என்னோடே ஓடினாள். பதினைந்து கிலோமீட்டரும் இரவு வேலையில் நடந்த கதை, கலியாணப் பேச்சு, மேலதிகாரியின் குணம் என்று வாய் ஓயவில்லை. ஆற்றுப் பள்ளத்திலிருந்து ஏறும் மேட்டில் இருவரும் நடந்தோம். ஹமில்டனில் பிற்பாதியில் வடகரையோரம் இப்படி ஏற்ற இறக்கங்கள் உண்டு. அங்கே இவளைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது என்று நினைக்கிறேன்.

வீட்டு வாசலில் நிற்காமல் உடனே உள்ளே போய் ஈர உடுப்பை மாற்றச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை உறைமழை என்று அறிவித்திருக்கிறார்கள். அப்படியென்றால் புதன் காலை, ஆறரைக்கு. வேலை முடிந்து நேரே வருவதாகச் சொன்னாள்.