நான் ‘திருத்திய’ தவறு

“சார், அந்த இன்ஜின் புத்தகத்தைத் தமிழ்ல எழுதினது நீங்கதானே?”

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் வந்த தொலைபேசி. குரலில் குமரி மாவட்டக் கடற்கரையின் ராகம். பாராட்டப்போகிறார் என்று நினைத்து, “ஆமாம், நான்தான்” என்றேன். சற்று மௌனம். பிறகு அவர் சொன்னார்: “நீங்க எழுதினபடிதான் காத்தாடியை மாத்தினேன். நடுக்கடல்ல இன்ஜின் இறுகிப்போச்சு.”

கடலுக்கும் எனக்கும் பெரிய சம்பந்தமில்லை. பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்து, சித்தூர் அரசுக் கல்லூரியில் எம்.ஏ. தமிழ் படித்து, பிழைப்புக்காக இடுக்கி மாவட்டத்தின் குமுளிக்கு வந்து சேர்ந்தவன். இரண்டுமே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்கள். ரேஷன் கடை விண்ணப்பம் மலையாளத்தில், அம்மாவின் கடிதம் தமிழில், வங்கிப் படிவம் ஆங்கிலத்தில் என்று வாழ்ந்தவனுக்கு மொழிபெயர்ப்பு தானாகவே வந்துவிட்டது. பத்திரிகைகளுக்கு எழுதியது போக மிச்ச நேரத்தில் மருந்துச் சீட்டு முதல் உரமூட்டை விளம்பரம் வரை எதையும் தமிழாக்குவேன். அப்படி வந்ததுதான், அவுட்போர்டு இன்ஜின் விற்பனையாளர் ஒருவர் கொடுத்த 36 பக்கக் கையேடு. கூலி 12,000 ரூபாய். கடைசிப் பக்கத்தில் என் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சாகும் என்றார்கள். அதில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

அந்தக் கையேட்டில் ஓர் அத்தியாயம், படகுக்குச் சரியான புரொப்பல்லரைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. எம்.ஏ. தமிழ் சும்மா இருக்குமா? புரொப்பல்லரை ‘உந்தி’ என்று எழுதினேன். பழந்தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும், உந்தி என்றால் தொப்புள். ‘மூன்று இதழ் உந்தி’ என்று அச்சானதைப் படித்துக் கடற்கரையே சிரித்ததாகப் பின்னால் அறிந்தேன். அதோடு போயிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

ஆங்கில மூலத்தில் இருந்த ஒரு கருத்து இது: முழு விசை கொடுத்தும் இன்ஜின் குறிப்பிட்ட சுழற்சி வேகத்தை எட்டாவிட்டால், பிட்ச் குறைந்த புரொப்பல்லரை மாட்டுங்கள், அதைத் தாண்டிப் பறந்தால் பிட்ச் அதிகமானதை மாட்டுங்கள். படித்ததும் அச்சுப்பிழை என்று முடிவுசெய்தேன். குழம்பில் உப்பு குறைந்தால் கூட்டத்தானே செய்வோம்? குறைகிற இடத்தில் இன்னும் குறைக்கச் சொல்கிறானே! யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு வாக்கியங்களையும் நானே மாற்றிப்போட்டேன். ஆங்கிலேயன் செய்த பிழையைத் தமிழன் திருத்திவிட்ட திருப்தியோடு அன்று தூங்கினேன்.

தொலைபேசி வந்த மறுநாள் கிளம்பினேன். குமுளியிலிருந்து தேனி, மதுரை, நாகர்கோவில் வழியாகக் குளச்சல் பக்கம் போய்ச் சேர ஒரு பகல் முழுவதும் ஆனது. அடிப்பாரோ என்ற பயம் வழி நெடுக இருந்தது.

அவர் அடிக்கவில்லை. கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் வள்ளத்தைக் காட்டினார். மண்ணெண்ணெயில் ஓடும் 9.9 குதிரைத்திறன் இன்ஜின். முன்பு 8 அங்குல பிட்ச் காத்தாடி இருந்தது. வலையும் ஐஸும் ஆளும் ஏறியபின் இன்ஜின் முக்குவதைக் கவனித்தவர், புத்தகத்தைப் படித்துவிட்டு 10 அங்குலம் வாங்கி மாட்டினார். வள்ளம் காலியாக இருக்கும்போது வேகம் கூடியதுபோலத் தெரிந்தது. பாரம் ஏறியதும் உறுமல்தான். நாளொன்றுக்கு 3 லிட்டர் மண்ணெண்ணெய் கூடுதலாகக் குடித்தது. பிளக் கரிபிடித்தது. ஒன்றரை மாதத்தில் ஒருநாள் அந்திக்கு, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. இன்னொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்துவந்து சேர்த்தபோது இரவு பத்து மணி. அதுவரை அவர் மனைவி மணலிலேயே உட்கார்ந்திருந்தாராம். என்னிடம் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கிளாஸ் கட்டன் சாயாவை மட்டும் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்து முடிப்பது சிரமமாக இருந்தது.

பழுது பார்த்த மெக்கானிக் வயதானவர். 1980களின் தொடக்கத்தில் கேரளக் கடற்கரையில் அவுட்போர்டு இன்ஜின்கள் பரவியபோதே தொழிலுக்கு வந்தவர். திருவனந்தபுரத்தில் 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு போன்றவை அந்த ஆண்டுகளில் படகு கட்டும் தளங்களையும் இன்ஜின் பழுதுபார்க்கும் நிலையங்களையும் நடத்தத் தொடங்கியதை அவர் நேரில் கண்டவர். “சாரே, பிட்ச்சுக்கு என்னன்னு எழுதினீங்க?” என்றார். “சாய்வு” என்றேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஒரு திருகாணியை எடுத்து மரக்கட்டையில் வைத்து ஒரு சுற்று முறுக்கினார். “ஒரு சுத்துக்கு ஆணி எவ்வளவு உள்ளே போச்சோ, அதுதான் பிட்ச்.”

காத்தாடியில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டுமே அங்குலத்தில். 10 என்றால், தண்ணீர் மரக்கட்டைபோல் கெட்டியாக இருந்தால் ஒரு சுற்றில் காத்தாடி 10 அங்குலம் முன்னேறும் என்று பொருள். தண்ணீர் வழுக்கிக்கொடுப்பதால் அவ்வளவு கிடைக்காது. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று, கியர் அதைப் பாதியாக்கினால் காத்தாடிக்கு 2,500 சுற்று. 10 அங்குல பிட்ச் என்றால் ஏட்டளவில் மணிக்கு 38 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய வள்ளமோ 15ஐத் தாண்டுவதே அபூர்வம். ஓட முடியாத வேகத்துக்கான காத்தாடியை மாட்டினால், இன்ஜின் மூச்சுத்திணறாமல் என்ன செய்யும்?

“உங்க ஊரு மலையிலே ஜீப் ஏறும்போது டிரைவர் என்ன செய்வான்?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில், ஏலத்தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போகும் பெண்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் முக்கி முனகுவதைத் தினமும் காதால் கேட்கிறவன் நான். முக்கினால் டிரைவர் கியரைக் குறைப்பார். கூட்டமாட்டார். பிட்ச்சும் அதேதான். குறைந்த பிட்ச் என்பது முதல் கியர், அதிக பிட்ச் என்பது மேல் கியர். மூல ஆசிரியர் சரியாகத்தான் எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்த விஷயத்தையே தெரியாததாக்கிக் கொண்டு, குழம்புக்கு உப்புப் போடப் போயிருக்கிறேன்.

மறுநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழக்கமான வலை, வழக்கமான ஐஸ், வழக்கமான எண்ணெய், வழக்கமான ஆட்கள். காலிப் படகில் சோதித்தால் விடை பொய்யாக வரும் என்றார் மெக்கானிக். முழு விசையில் அவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். அந்த இன்ஜினுக்கு உரிய வரம்பு 4,500 முதல் 5,500 சுற்று. 10 அங்குலத்தில் 4,000 தான் வந்தது. பழைய 8இல் 4,350. பிறகு 7ஐ மாட்டினார்கள். 4,550. ஓர் அங்குலத்துக்குச் சுமார் 150 முதல் 200 சுற்று மாறும் என்பது இந்தத் தொழிலின் பொதுக் கணக்கு. எண்கள் கிடக்கட்டும், சத்தமே மாறிவிட்டது. உறுமல் போய் ஒரே சீரான ரீங்காரம். வள்ளக்காரர் முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். கடல் அலைக்கு வாந்தியெடுத்துக் கொண்டிருந்த என்னால் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை.

“எல்லாம் உங்க தப்புன்னு சொல்லமாட்டேன். இன்ஜினும் பழசு, ஆயில் கலவையும் எப்படியோ” என்றார் மெக்கானிக் கரைக்கு வந்தபின். அந்த ஆறுதலை நான் வாங்கிக்கொள்ளவில்லை. பழுதுபார்த்த செலவு 17,000 ரூபாய். தொழிலுக்குப் போகாத நாட்கள் தனி. எனக்குக் கிடைத்த கூலி 12,000ஐயும் அவரிடம் கொடுத்தேன். “வேண்டாம் சார்” என்றெல்லாம் சொல்லாமல் எண்ணி வாங்கிக்கொண்டார். அதுதான் நியாயம். மீதிக்கு நான் இன்னும் கடன்காரன்.

கையேட்டை மறுபடி அச்சடிக்க விற்பனையாளர் சம்மதிக்கவில்லை. ஒரு திருத்தச் சீட்டை என் செலவில் அச்சடித்து, கையிருப்பில் இருந்த பிரதிகளில் ஒட்டச் செய்தேன். ‘உந்தி’யையும் ‘சாய்வை’யும் அடித்துவிட்டு ‘காத்தாடி’ என்றும் ‘ஒரு சுற்றுக்கான முன்னேற்றம்’ என்றும் போட்டேன். ஏற்கெனவே விற்றுப்போன பிரதிகளை நினைத்தால் இன்றும் சில இரவுகளில் தூக்கம் கலைகிறது.

இப்போது தேக்கடி ஏரிப் பக்கம் போனாலும் காது படகுச் சத்தத்தைத்தான் கேட்கிறது. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டான ஏரி அது. அன்று மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னமும் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன. நீருக்குள் மறைந்திருக்கும் கட்டையில் மோதினால் காத்தாடி இதழ் மடங்கும். ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் பெட்ரோல் இன்ஜின் ஏறக்குறைய 3 சதவீத பலத்தை இழக்கும் என்பதால், கடலில் சரியாக ஓடும் காத்தாடி இங்கே கனமாகிவிடும். மூங்கில் தெப்பத்தில் மீன் பிடிக்கும் மன்னான் பழங்குடியினருக்கு மட்டும் இந்தக் கவலை கிடையாது.

போன மாதம், அணைக்கட்டு ஒன்றில் மீன்பிடிக்கப் படகு வாங்கிய பாலக்காட்டு உறவுக்காரப் பையன் கேட்டான்: “மாமா, எந்தக் காத்தாடி வாங்கலாம்?” புத்தகம் எழுதியவன் என்று என்மேல் அவனுக்கு ஒரு நம்பிக்கை. நான் சொன்னேன்: “முழுப் பாரம் ஏத்தி ஓட்டிப் பாரு. முக்கினா குறை, பறந்தா கூட்டு. அதுக்கு மேல தெரியணும்னா ஒரு மெக்கானிக்கைக் கேளு. நானும் அன்னைக்குக் கேட்டிருக்கணும்.”