கோடரிக் கல்லும் ஒரு படி சாமையும்

ராசிபுரம் பக்கத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் நிலம். ஒன்றரை ஏக்கருக்குக் கிணற்றுத் தண்ணீர் பாயும். மீதி ஒன்றரை மானாவாரி. அந்த மானாவாரிக் காட்டின் மேல்மண்ணை மூன்றடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துக்கொள்ள ஒரு செங்கல் சூளைக்காரர் விலை பேசியிருந்தார். வைகாசி கடைசி. திங்கட்கிழமை முன்பணம் வாங்குவதாகப் பேச்சு. அதற்கு முந்தின சனிக்கிழமைதான் ஊர் விவசாயிகள் சிலர் சேர்ந்து கொல்லிமலைக்கு வேன் பிடித்தார்கள். ஒரே நாள், விடியலில் போய் இருட்டுவதற்குள் திரும்புவது. அவர் போவதாகவே இல்லை. அவருடைய அம்மாதான் பிடிவாதம் பிடித்தார்.

அம்மாவுக்கு வயது 74. இரண்டு மூட்டும் வலி. காட்டில் நின்று கிழக்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும். பொழுது விடிவதே அந்த மலைக்குப் பின்னாலிருந்துதான். ஆனால் ஒரு தடவைகூட ஏறியதில்லை. மலைக்கு ரோடு வராத காலத்தில் அம்மாவின் அப்பா உப்பும் கருவாடும் தலையில் சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறுவாராம். திரும்பும்போது சாமையும் கடுக்காயும் பலாப்பழமும் வரும். "எங்கப்பன் சுமந்த மலைடா அது. வேன்ல உக்காந்துகூட நான் பாக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதற்கு மகனிடம் பதில் இல்லை. வேனில் 14 பேர். அம்மா பதினைந்தாவது ஆள்.

காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கினால் சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி ஒவ்வொரு பலகையையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். நாற்பதைத் தாண்டியதும் காற்று மாறியது. சவுக்கைப் போல நெட்டையாக வளர்ந்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. அதன் நிழலில் காபிச் செடி. கீழே 38 டிகிரியில் வெந்துகொண்டிருந்தவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள்.

செம்மேட்டில், வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் வழிகாட்டி காத்திருந்தார். வளப்பூர் நாட்டைச் சேர்ந்த மலையாளி இளைஞர். (மலையாளி என்பது இங்கே பழங்குடியின் பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது அவர்களுடைய முன்னோர் கதை.) அன்றைய கூலியைச் சொன்னார். வேனில் இருந்த ஒருவர், "ரோடு போட்டுக் கெடக்குது, போர்டு வெச்சிருக்கான், இதுக்கு எதுக்குப்பா ஆளு?" என்று பேரம் பேசினார். வழிகாட்டி சிரித்தாரே தவிர குறைக்கவில்லை.

இந்தப் பேரம் உலகம் முழுக்க உண்டு. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு மலைமேல், சுமார் 8,000 அடி உயரத்தில், இன்கா மக்கள் கட்டிய மச்சு பிச்சு என்ற கல் நகரம் இருக்கிறது. இன்று தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் வழிகாட்டியோடு போய்ப் பார்க்கிறார்கள். 1911-ல் அதைக் 'கண்டுபிடித்தவர்' என்று ஹிராம் பிங்காம் என்ற அமெரிக்கப் பேராசிரியரைச் சொல்வார்கள். உண்மையில் அவரை மேலே கூட்டிப்போனவர் மலையடிவாரத்தில் இருந்த மெல்சோர் ஆர்தியாகா என்ற விவசாயி. கூலி ஒரு சோல், அந்த ஊர் தினக்கூலியைப் போல மூன்று நான்கு மடங்கு. மேலே போனால் அங்கே ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் குடியிருந்தன. இன்கா காலத்துப் படிக்கட்டு வயல்களைத் திருத்தி மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தார்கள். இடிபாடுகளைச் சுற்றிக் காட்டியது அந்த வீட்டுச் சிறுவன். உழுகிறவன் வாழும் இடத்தைப் படித்தவன் வந்து கண்டுபிடிப்பது பழைய வழக்கம்தான்.

வேன் மெயின் ரோட்டை விட்டு ஒரு சிற்றூருக்குள் திரும்பியது. செருப்பைக் கழற்றச் சொன்னார் வழிகாட்டி. மரத்தடியில் சின்னப் பிள்ளையார், கூரை கிடையாது. பிள்ளையாரைச் சுற்றி வழவழப்பான கருங்கற்கள் குவித்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளங்கை அளவு, சில அதைவிடப் பெரிது. எண்ணெயும் மஞ்சளும் ஏறிப் பளபளத்தன. சாமிக்கு வைத்த கூழாங்கல் என்று நினைத்து மற்றவர்கள் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். அவர் மட்டும் குனிந்து பார்த்தார். ஒரு முனை குறுகல். மறுமுனை அகன்று, இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்ந்து கூராக முடிந்தது. அனுமதி கேட்டுக்கொண்டு, மண்வெட்டியின் பதம் பார்ப்பது போலக் கட்டைவிரலை அதன் விளிம்பில் ஓட்டினார்.

"இது கோடாலிங்களே!"

"ஆமாங்கண்ணா. கல்லுக் கோடாலி. காம்புல கட்டி மரம் வெட்டுனதுங்க."

இரும்பு வருவதற்கு முன்பு, கல்லைக் கல்லில் தேய்த்து இழைத்துச் செய்த கருவிகள் இவை. 3,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. புதிய கற்காலம் என்று தொல்லியலில் சொல்லும் காலம், மனிதர்கள் காட்டைத் திருத்தி விதைக்கவும் ஆடுமாடு வளர்க்கவும் கற்றுக்கொண்ட காலம். சேர்வராயன் மலை, கொல்லிமலை என்று இந்தப் பக்கத்து மலைகளில் இத்தகைய கற்கள் கோயில்களில் வைத்துக் கும்பிடப்படுகின்றன. மச்சு பிச்சு கட்டி சுமார் 600 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதோடு ஒப்பிட்டால் இந்த மரத்தடி எவ்வளவு பழசு! டிக்கெட்டும் இல்லை, வேலியும் இல்லை.

வேலி இல்லாததன் சோதனை உடனே வந்தது. கூலிக்குப் பேரம் பேசிய அதே மனிதர் ஒரு சின்னக் கல்லை வேட்டி மடிப்பில் செருகப் போனார். வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை.

"அண்ணா, அத வெச்சிடுங்க. எங்க காட்டுல ஏர் ஓட்டறப்ப வந்தாக்கூட நாங்க வீட்டுக்குக் கொண்டு போறதில்லைங்க. இங்க கொண்டாந்து வெச்சிருவோம். தாத்தன் பாட்டன் ஆயுதமுங்க."

கல் திரும்பி வந்தது. நம் காட்டிலும் உழவிலோ கிணறு தோண்டும்போதோ இப்படிக் கல்லாயுதம், முதுமக்கள் தாழி, பழங்காசு எது வந்தாலும் எடுத்து வைத்துக்கொள்ளாமல் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லிவிட வேண்டும். கிடைத்த இடத்தைவிட்டு நகர்த்தாமல் சொன்னால் இன்னும் நல்லது. கல்லைவிட, அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதுதான் ஆராய்கிறவர்களுக்கு விவரம் சொல்லும்.

பெரியகோவிலூர் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனபோது பதினொரு மணி. தேவாரத்தில் பெயர் வரும் பழைய தலம் இது. 'அறப்பளீசுர சதகம்' என்று அம்பலவாணக் கவிராயர் பாடிய நூலுக்கு இந்தச் சாமிதான் தலைவர். ஆனால் அம்மாவைப் பிடித்து நிறுத்தியது வழிகாட்டி சொன்ன உழவன் கதை. இந்த இடம் ஒரு காலத்தில் மூடிப் போய் வயலாக இருந்ததாம். ஒருவன் ஏர் ஓட்டும்போது கொழு எதிலோ முட்டியது. தோண்டிப் பார்த்தால் லிங்கம். முட்டிய இடத்தில் ரத்தம் வந்ததாம். அந்தத் தழும்பு இன்னும் லிங்கத்தின் உச்சியில் இருக்கிறது என்கிறார்கள். அம்மா தன் தலையைத் தொட்டுக்கொண்டார். "நம்ம ஏருல பட்ட காயம்" என்றார்.

கோயிலை ஒட்டி ஓடுவது ஐயாறு. அதில் மீன் பிடிக்க மாட்டார்கள். வெட்டிச் சமைத்த மீனைச் சாமி ஒட்டவைத்து உயிரோடு ஆற்றில் விட்டார் என்பது நம்பிக்கை. அம்மா வீட்டிலிருந்து பொரியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். படியில் உட்கார்ந்து பொரி போடப் போட, மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன.

மற்றவர்கள் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினார்கள். 1,000-க்கும் மேற்பட்ட படிகள், செங்குத்து இறக்கம். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் மலை தன் கணக்கைக் கேட்கும். மூட்டுவலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆசைப்படாமல் மேலேயே இருப்பது நல்லது. அம்மா முதல் இருபது படி இறங்கிப் பார்த்துவிட்டு நின்றார். கீழேயிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது. "சத்தம் போதும், நீ போ" என்று மகனிடம் சொன்னார். அவர் போகவில்லை. அம்மாவோடு திரும்பி ஏறினார்.

அருவிக்குப் போனவர்கள் வர இரண்டு மணி நேரமாவது ஆகும். அவர்களோடு தன் தம்பியை அனுப்பிவிட்டு வழிகாட்டி கேட்டார்: "ஆயா, எங்க வீடு பக்கத்துலதாங்க. ஒரு வாய் மோர் குடிச்சிட்டு வரலாமுங்க."

போகிற வழியில் சரிவு முழுக்கக் குச்சிக்கிழங்கு. மரவள்ளியை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். போன மழை அரித்த வாய்க்கால்கள் செம்மண்ணில் கோடு கோடாகத் தெரிந்தன. கிழங்கு பிடுங்கும்போது மண் மொத்தமாகப் புரளும். அடுத்த மழையில் அது கீழே போகும். "முன்னாடி இதெல்லாம் சாமைக் காடுங்கண்ணா. கிழங்குக்கு சேகோ ஃபேக்டரிக்காரன் லாரி அனுப்பறான். சாமைக்கு யாரு அனுப்பறா?" என்றார் வழிகாட்டி. அதற்கு அவரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. அவரே கிழங்கு போட்டவர்தான். 2020-ல் பரவிய மாவுப்பூச்சியில் காடு மொத்தமும் குருத்துச் சுருண்டு போயிற்று. அதை அடக்க 2022-ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை விட்டார்கள். அதற்குள் அவர் கையில் கடன் ஏறியிருந்தது. செங்கல் சூளைப் பேச்சுக்குக் காரணம் அதுதான்.

கிழங்கும் நம்முடையதல்ல, அந்தப் பூச்சியும் நம்முடையதல்ல. இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. நிலக்கடலை, உருளை என்று அந்தக் கண்டத்து உழவர்களுக்கு நம் அடுப்படி நிறையக் கடன்பட்டிருக்கிறது. அவர்களிடமிருந்து நாம் வாங்காமல் விட்டது ஒன்று உண்டு, மண் கட்டும் வேலை. மச்சு பிச்சுவின் வயல் அடுக்குகளைத் தோண்டிப் பார்த்தவர்கள், அடியில் பெருங்கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல், உச்சியில் வளமான மேல்மண் என்று அடுக்கியிருந்ததைக் கண்டார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே வடிந்துவிடும், சுவர் சாயாது. ஒவ்வோர் அடுக்கும் கையால் நிரப்பியது.

வழிகாட்டியின் வீட்டில் அவருடைய பாட்டி இருந்தார். இரண்டு கிழவிகளும் ஐந்தே நிமிடத்தில் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். உப்புக்காரர்கள் மலை ஏறி வந்தது அந்தப் பாட்டிக்கு நினைவிருந்தது. "எந்த உப்புக்காரன்னு எனக்குத் தெரியுமா? எல்லாருந்தான் வந்தாங்க. ஒரு படி உப்புக்கு ரெண்டு படி சாமை கேப்பாங்க" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கப்பனாத்தான் இருக்கும்!"

திண்ணையை ஒட்டி ஒரு தொம்பை நின்றது. மூங்கிலில் பின்னிச் சாணம் மெழுகிய தானியக் கூடு. முன்பு அது நிறையச் சாமை இருக்குமாம். இப்போது கால்வாசிகூட இல்லை. பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச்சாமை என்று பாட்டி விரல் விட்டு எண்ணினார். வீட்டில் இருப்பது கட்டவெட்டி மட்டும். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் நேரான பதில் வந்தது: உரலில் குத்திக் குத்தித் தோள் போய்விட்டது. ரேஷனில் அரிசி வந்தபின் யார் குத்துவது? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் தொடங்கி இந்த மலையில் சிறுதானிய விதை வங்கிகள், தோல் நீக்கும் இயந்திரங்கள் என்று வேலை செய்ததற்குக் காரணம் இந்தத் தோள்வலிதான். சாமையைக் காப்பாற்றச் சொல்லி மேடையில் பேசுகிறவர்கள் ஒரு நாள் அதைக் குத்திப் பார்க்க வேண்டும்.

அம்மா கேட்கவில்லை. பாட்டியே எழுந்து தொம்பையிலிருந்து ஒரு படி அளந்தார். அம்மாவின் முந்தானையில், பொரி இருந்த அதே முடிச்சில் கொட்டினார்.

"இது தின்றதுக்கில்ல. வெதை. வெளஞ்சா ரெண்டு படியாத் திருப்பிக் கொடுக்கோணும்."

"உப்புக்காரன் கணக்கா?" என்றார் அம்மா.

"ஆமா. அதே கணக்குத்தான்."

இறக்கத்தில் அம்மா பலகைகளைப் படிக்கச் சொல்லவில்லை. முந்தானையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை சூளைக்காரர் வந்தார். அவர் முன்பணம் வாங்கவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஆடி போகட்டும் என்று தவணை கேட்டார். கடன் அப்படியேதான் இருக்கிறது. மலையில் விளையும் ரகம் கீழே எப்படி வருமோ என்ற சந்தேகமும் இருக்கிறது. ஏக்கருக்கு நாலைந்து கிலோ விதை என்ற கணக்கில் ஒரு படிக்கு முப்பது சென்ட் நிலம் போதும். ஆடியில் முதல் மழை விழுந்ததும் மானாவாரிக் காட்டின் மேட்டுப் பக்கம் முப்பது சென்ட்டை உழுது, விதையோடு மணல் கலந்து தூவினார். அம்மா வரப்பில் உட்கார்ந்து, எறும்பு இழுக்காமல் சாம்பல் தூவச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தையில் இன்னொரு தடவை மலை ஏற வேண்டும். இரண்டு படி சாமை திருப்பிக் கொடுக்கணுமே. விளையாவிட்டால் சந்தையில் வாங்கியாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.