மதுவிலாக் கைப்பு

அறுசுவையுள் கைப்பையும் ஒன்றாக மதித்தவர் தமிழர். புத்தாண்டு விருந்தில் வேப்பம்பூவுக்கும், அன்றாட உணவில் பாகற்காய்க்கும் இடமளித்தனர். ஆயின் விருந்துப் பானத்தில் மட்டும் அச்சுவை இடம்பெறவில்லை.

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்க்கு எளிதிற் கிட்டிய பானம் கள். பலருடைய கூலி கள்ளுக்கடையிலேயே கரைந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுதல் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. 1947இல் கெடாவின் தொண்டர் படையினரும் கள்ளை எதிர்த்துக் கிளர்ந்தனர்.

கள்ளை மறுத்தவர் கோப்பையில் பின்னர் நிரம்பியது யாது? சீனி! ஈப்போவில் நிகழும் திருமணங்களிலும் குடியாதவர்க்குப் பெரும்பாலும் கிட்டுவது சிராப்பே. மலேசிய இனத்தாருள் இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என நாட்டு நலவாழ்வு ஆய்வுகள் உரைக்கும் காலத்தில் இதனை விருந்தோம்பல் எனலாமா?

இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழி உண்டு. 1824இல் வெனிசுவேலாவின் அங்கொஸ்தூரா நகரில் சீகெர்ட் என்னும் செருமானிய மருத்துவர் வயிற்றுப் பிணிக்கெனக் கைப்புச்சாறு ஒன்றை வடித்தார். மருந்தாய்ப் பிறந்த அது நாளடைவில் பானங்களில் சில துளியாய்ச் சேர்க்கப்படும் சுவைப்பொருளாயிற்று. எனினும் அதில் நூற்றுக்கு 44.7 பங்கு சாராயமே. வேரிலும் பட்டையிலும் உறையும் கைப்பைப் பிரித்தெடுக்கச் சாராயம் துணைசெய்கிறது.

அத்தொழிலைக் கிளிசரினும் செய்யும். கைப்பை ஈர்க்கும் ஆற்றல் அதற்குச் சற்றுக் குறைவு. இனிப்பும் சிறிது உண்டு. ஆயினும் சில துளிகளே வேண்டுமாதலின் அது பெருங்குறையன்று. வியப்பு யாதெனில், ரப்பர் மரங்கள் வீழ்ந்த தோட்டங்கள் பலவற்றில் இன்று நிற்பது செம்பனை. அதன் எண்ணெயிலிருந்தும் கிளிசரின் கிடைக்கிறது. ஈப்போவை அடுத்த தம்பூனோ பம்பளிமாசுக்குப் பெயர் பெற்றது. சுளையைத் தின்று எறியும் அதன் தோலில் நறுமணமும் கைப்பும் ஒருங்கே உள்ளன. உலர்த்திய தோலைச் சுக்கு, ஏலக்காயுடன், மூன்று பங்கு உணவுக் கிளிசரினும் ஒரு பங்கு நீரும் கலந்து சில வாரம் ஊறவைத்து வடித்தால் கைப்புச்சாறு ஆயத்தம். சோடா நீரில் சில துளி, எலுமிச்சைச் சாறு சிறிது, சீனி வேண்டா.

கள்ளை விலக்கியது பெரும்பணி. ஆனால் வெற்றுக் கோப்பையோ சீனிக் கோப்பையோ அப்பணியின் முடிவாகாது. குடியாதவனும் விருந்தினனே, அவனுக்கும் சுவையறிந்து கலந்த பானம் ஒன்று உரியது.