கேட்க நாணிய கேள்வி



திருமணமான சகோதரிகளுக்காகவும் அவர்தம் கணவன்மார்களுக்காகவும் மட்டுமே இதனை எழுதுகின்றோம். ஏனையோர் இவ்விடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

விளாங்குடியில் நாங்கள் நடத்தும் பெண்கள் வகுப்பு அஸருக்குப் பின் கலையும். அன்று எல்லோரும் புர்காவைச் சரிசெய்துகொண்டு கிளம்பிய பிறகும், முன்னொரு காலத்தில் எங்களிடம் ஓதிய பெண்ணொருத்தி கிதாபுகளை அடுக்குவதும் கலைப்பதுமாக நின்றிருந்தாள். நிக்காஹ் முடிந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. வாசல் காலியானதும் கேட்டாள்: “உஸ்தாபி, நான் ஏதும் பாவம் செஞ்சுட்டேனா?”

விஷயம் இதுதான். தாம்பத்தியத்தில் அவளுக்கு வறட்சியும் வலியும் இருந்தன. கணவர் நல்ல மனிதர். அவள் முகம் சுளிப்பதைக் கண்டு பொறுக்காமல், திண்டுக்கல் சாலையில் ஏதோ ஒரு மருந்துக்கடையில் கேட்டு ஒரு சிறு குழாய் வாங்கி வந்திருக்கிறார். ஸ்ட்ராபெர்ரி வாசனையுள்ள வழவழப்பு ஜெல். கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். இவர் வாங்கிய வேகத்தில் வண்டியைக் கிளப்பினார். இருவரில் எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பயன்படுத்திய சில நாட்களில் அவளுக்கு அரிப்பு, தயிர்த்திரி போன்ற வெள்ளைப்பாடு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல். இன்பத்தை நாடியதற்கு அல்லாஹ் தந்த தண்டனை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். தண்டனை என்றால் பொறுத்துக்கொள்ளத்தானே வேண்டும்? ஆகவே எவரிடமும் சொல்லாமல், அதே ஜெல்லைத் தொடர்ந்து பயன்படுத்தியிருக்கிறாள்.

நாங்கள் வாயடைத்துப் போனோம். குளிப்பு கடமையாவதன் சட்டங்களைப் புரட்டிப் புரட்டிப் பாடம் நடத்தியவர்கள் நாங்கள். ஒரு குழாயின் பின்புறம் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. மறுநாள் அவளை ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, வெளியே அமராமல் அவளுடன் உள்ளேயே அமர்ந்தோம். பூஞ்சைத் தொற்று, சிகிச்சையில் குணமாகும் என்றார் மருத்துவர். அதன் பின் நாங்கள் அவரிடம் கேட்டும், தேடிப் படித்தும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகின்றோம். அப்பெண்ணின் அனுமதி பெற்றே எழுதுகின்றோம். அவளை அடையாளம் காட்டக்கூடிய எதனையும் சேர்க்கவில்லை. படுக்கையறை இரகசியத்தை வெளியிடுவதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் செய்த எச்சரிக்கை எங்களுக்கும் நினைவிருக்கிறது. இரகசியத்தைப் பரப்புவது வேறு, நோயைச் சொல்லி மருந்து கேட்பது வேறு.

உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் ஒரு பெண் கேட்கக் கூசும் கேள்வியை நபியவர்களிடமே நேரில் கேட்டார்கள். மார்க்கத்தை விளங்குவதற்கு நாணம் தடையாகவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். இவ்விரு ஹதீஸ்களையும் ஆண்டுதோறும் வகுப்பில் ஓதிக்கொடுக்கின்றோம். ஆயினும், எங்கள் முன் அமர்ந்து அவற்றை ஓதிய பெண், நான்கு மாதம் வலியைச் சுமந்துகொண்டு எங்களிடம் வராமல் இருந்தாள். குறை அவளிடம் மட்டும்தான் என்று எங்களால் சொல்ல இயலவில்லை.

முதலில் வறட்சியைப் பற்றி. அது ஆசைக் குறைவின் அடையாளமும் அன்று, ஈமான் குறைவின் அடையாளமும் அன்று. புதுமணப் பெண்ணுக்கு அச்சமும் அவசரமும் காரணமாகலாம். பாலூட்டும் தாய்க்கு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்திருக்கும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் உட்கொள்ளும் சில மாத்திரைகள் மூக்கை உலர்த்துவதுபோல் ஏனைய ஈரப்பகுதிகளையும் உலர்த்தும். மாதவிடாய் நிற்கும் பருவத்தை நெருங்கும் எங்கள் வயதினருக்கு இது மிகப் பொதுவானது. (எங்கள் வயதுத் தோழிகள் இதைப் பற்றிப் பேசும்போது ‘முட்டி வலி’ என்ற தலைப்பின் கீழ்தான் பேசுவார்கள்.) இத்தகைய நிலையில் ஒரு ஜெல்லை நாடுவது நோய்க்குத் துணை தேடுவதே. எனினும் வலி தொடர்ந்தாலோ இரத்தம் கண்டாலோ ஜெல்லால் சமாளிக்காமல் மருத்துவரைக் காண்க. உடல் தன்னையறியாமல் இறுகிக்கொள்ளும் வஜினிஸ்மஸ் என்னும் நிலையும் உண்டு. அதற்குச் சிகிச்சையும் உண்டு. மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த ஜெல்களைத் தாமாக வாங்க வேண்டாம். வலி என்பது உடல் தரும் செய்தி. அதை மறைத்துவிட்டால் காயம் பட்டதே தெரியாது.

இனி, வாசனையும் சுவையும் சேர்த்தவை. சுவை என்பது வாய்க்கு உரியது. அதைச் சொல்லாமல் நகர்ந்துவிட இயலாது. அந்நோக்கத்திற்கென்றே தயாரிக்கப்படுபவற்றில் இனிப்பும் மணமூட்டிகளும் சேர்க்கப்படுகின்றன. இனிப்பு சில தயாரிப்புகளில் உண்மையான சர்க்கரை. சிலவற்றில் சாக்கரின், சுக்ரலோஸ் போன்ற சர்க்கரையல்லாத இனிப்பூட்டி. சர்க்கரை கலந்தது பெண்ணுறுப்பின் உள்ளே செல்லலாகாது. கேண்டிடா என்னும் பூஞ்சைக்கு அது தீனி. நீரிழிவு உள்ள பெண்களுக்கு இத்தொற்று முன்னரே எளிதில் வரக்கூடியது. நம் மதுரையில் நீரிழிவு இல்லாத வீடு எது? கிளிசரினும் பூஞ்சையை வளர்க்கும் என்று சிலர் கூறுவர். அது உறுதியாக நிறுவப்பட்டதன்று. ஆயினும் அடிக்கடி தொற்று வருபவர்கள் தவிர்ப்பது நலம் என்றார் மருத்துவர்.

கிளிசரினில் உள்ள வேறொரு சிக்கல்தான் எங்களுக்குப் புதிதாக இருந்தது. வடுமாங்காயில் உப்பிட்டு வைத்தால் மறுநாள் ஜாடி முழுதும் நீர் விட்டிருக்கும், வடு சுருங்கியிருக்கும். உப்பின் செறிவு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் மிகுதியாகச் சேர்ந்த ஜெல், உள்ளுறுப்பின் மென்தோலில் இதையே செய்கிறது. செல்கள் வற்றி மேற்படலம் உரிகிறது. இந்தச் செறிவை ஆஸ்மோலாலிட்டி என்பர். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அறிவுரைக் குறிப்பின்படி இது கிலோவுக்கு 380 மில்லி ஆஸ்மோலைத் தாண்டாதிருப்பதே சிறப்பு. எவ்வாறாயினும் 1200-ஐத் தாண்டக்கூடாது. சந்தையிலுள்ள பல ஜெல்கள் அந்த எல்லையையும் கடந்தவை. அமிலத்தன்மை, அதாவது பிஎச், 4.5 அளவில் இருக்க வேண்டும் என்கிறது அதே குறிப்பு. பெண்ணுறுப்பின் இயல்பான அமிலத்தன்மையும் ஏறத்தாழ அதுவே. பெரும்பாலான குழாய்களில் இவ்வெண்கள் அச்சிடப்படுவதில்லை. அப்போது சேர்பொருள் பட்டியலே துணை. முதலில் எழுதப்படுவது அளவில் மிகுந்தது. நீருக்கு அடுத்தபடியாகவே கிளிசரினோ கிளைக்காலோ நின்றால் வேறொன்றைத் தேடுக. குளோர்ஹெக்சிடின் இருந்தால் வைத்துவிடுக. கிருமியைக் கொல்வதாகக் கூறி, உள்ளே காவல் நிற்கும் லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல நுண்ணுயிர்களையும் அது கொல்கிறது. குளிர்ச்சி, வெப்பம் தருவதாகச் சொல்பவற்றில் மென்தால், மிளகாய்ச் சாறு முதலியன இருக்கும். முதன்முறை வாங்குபவர்களுக்கு அவை உகந்தவையல்ல. எதுவாயினும் முன்கையின் உட்புறம் ஒரு துளி தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துக.

இவையெல்லாம் நம் ஊர்க்கடைக்கு வந்து சேர்ந்த வழியையும் சற்றுச் சொல்லலாம். இந்திய அரசு 1968-இல் நிரோத் ஆணுறையை மூன்று பதினைந்து காசுக்கு விற்றபோது, அதைச் சிற்றூர்ப் பெட்டிக்கடைகள் வரை கொண்டு சென்றவர்களில் தேயிலை விற்கும் நிறுவனங்களும் இருந்தன. குடும்பநலம் என்பதே அதன் முழுப் பேச்சு. இன்பம் பற்றி ஒரு சொல் இல்லை. இன்று சென்னையின் டி.டி.கே. குழுமம் உட்படப் பல நிறுவனங்கள் சாக்லேட், ஸ்ட்ராபெர்ரி என்று சுவைகளை விற்கின்றன. அவற்றின் பேச்சு முழுதும் இன்பமே, உடல்நலம் பற்றி ஒரு சொல் இல்லை.

ஆணுறை பயன்படுத்துவோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின், எதுவாயினும் எண்ணெய்ப்பசை லேடெக்ஸ் இரப்பரை நிமிடங்களில் நலிவுறச் செய்யும். உறை கிழிந்தது தெரியாமலே போகும். நம் வீடுகளில் தலைமுறையாகத் தேங்காய் எண்ணெய்தான். உறை இல்லாதவிடத்து அது பலருக்கு ஒத்துக்கொள்கிறது, மறுப்பதற்கில்லை. உறையுடன் நீர் சார்ந்ததோ சிலிக்கோன் சார்ந்ததோதான் தகும். குழந்தையை எதிர்பார்த்திருப்பவர்களுக்கு வேறொரு செய்தி: சாதாரண ஜெல்களில் பல விந்தணுவின் ஓட்டத்தைத் தளர்த்துபவை. திருமணமாகி ஆறு மாதத்தில் ‘விசேஷம் உண்டா’ என்று கேட்கத் தொடங்கும் சமூகம் இது. அக்கேள்விக்கு ஆளாகும் பெண்ணின் அலமாரியில் இப்படியொரு குழாய் இருக்கலாம். கருத்தரிப்பைப் பாதிக்காதவை எனக் குறிக்கப்பட்ட ஜெல்கள் தனியே உள்ளன. மருத்துவரைக் கேட்டு வாங்குக.

மார்க்க வரம்புக்கு வருவோம். நாங்கள் ஃபத்வா வழங்கத் தகுதியுடையோர் அல்லர், கற்றதைச் சொல்கின்றோம். கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். சுவையுள்ளது வாய்க்குள் செல்லக்கூடியதாதலால் இதில் பேணுதல் இன்னும் அவசியம். தாவர மூலம் என்று தெளிவாக எழுதியிருப்பதைத் தேர்க. பச்சைப் புள்ளி கொழுப்பைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்கும். மணமூட்டியைக் கரைத்தது எது என்பதை அது சொல்லாது. பட்டியலில் எத்தனால் உண்டா என்று பார்க்க வேண்டும். செட்டைல் ஆல்கஹால் போன்ற பெயர்களைக் கண்டு கலங்க வேண்டாம். அவை போதை தருபவையல்ல. வாயைப் பயன்படுத்துவது குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மதீ போன்ற நஜீஸை விழுங்குதல் கூடாது என்பதால் வெறுத்தவர்களும் உளர். நஜீஸைத் தவிர்க்கும் நிபந்தனையுடன் அனுமதித்தவர்களும் உளர். உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். பின்துவாரம் விலக்கப்பட்டது, எந்த ஜெல்லும் அதை ஆகுமாக்காது. மனைவி மறுக்கும் ஒன்றை, சுவையின் பெயரால் வற்புறுத்துவதும் நல்லுறவாகாது.

குளிப்பைப் பற்றி இரண்டு பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். நீர் சார்ந்த ஜெல் நீரிலேயே போய்விடும். எண்ணெய், சிலிக்கோன் பசை தோலில் சிறிது எஞ்சலாம். மாவு, மெழுகு போல் படலமாக ஒட்டி நீரைத் தடுப்பதே குளிப்பைப் பாதிக்கும். வெறும் எண்ணெய்ப்பசை தடையாகாது என்பது ஃபிக்ஹு நூல்களின் பாடம். மனம் அமைதியுற வேண்டுமெனில் வெளிப்புறத்தை மட்டும் மென்மையான சோப்பால் கழுவுக. உள்ளே சோப்போ டெட்டாலோ வேண்டாம். தூய்மை என்றெண்ணி இதைச் செய்தே புண்ணாக்கிக்கொண்ட பெண்கள் சிலரை அறிவோம். சிலிக்கோன் சிந்திய குளியலறைத் தரை மிகவும் வழுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றோம்.

அப்பெண் இப்போது நலம். சர்க்கரையோ வாசனையோ இல்லாத ஒன்றை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். முதல் முறை கணவர் வாங்கப் போனபோது மறுபடியும் செய்தித்தாளில் சுற்ற முனைந்தாராம் கடைக்காரர். “சுத்த வேணாம் அண்ணே, படிச்சுப் பார்த்துட்டு வாங்கிக்கிறேன்” என்று சொல்லி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கடை வாசலிலேயே நின்று படித்தாராம். பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், “என்ன தம்பி, இவ்வளவு நேரமா?” என்று கேட்டிருக்கிறார். “வீட்டுக்கு மருந்து, அத்தா” என்றாராம். இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அடுத்த வியாழக்கிழமை வகுப்புக்குத் தன் நாத்தனாரையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கும் ஏதோ கேட்க வேண்டுமாம்.