வத்தல்மலையில் விடிஞ்சாச்சு... வேனுக்கு மட்டும் விடியல!

தருமபுரி என்றதும் வெயிலும் வறட்சியும்தான் ஞாபகத்துக்கு வரும். கொஞ்சம் குளிர் வைத்திருந்த ஓசூரும் தளியும் 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு தனிக்குடித்தனம் போய்விட்டன. அதனால் 'இனி தருமபுரிக்கு ஸ்வெட்டர் எதுக்கு?' என்று நினைத்துவிடாதீர்கள். டவுனிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில், மூவாயிரம் அடிக்கு மேலே வத்தல்மலை இருக்கிறது!

ஒரு காலத்தில் ஒழுங்கான சாலை கிடையாது. மூட்டையைத் தலையில் சுமந்துதான் இறங்கினார்கள். இப்போது கொண்டை ஊசி வளைவுகளோடு தார் ரோடு. மேலே காபி, மிளகு, சில்வர் ஓக் மரங்கள். மார்கழி, தையில் விடியற்காலை வாயைத் திறந்தால் புகை வரும். ஆனால், பழைய டீசல் வேனில் வந்து ராத்தங்குகிறவர்களுக்கு அங்கேதான் சிக்கல்.

ஒரு தை மாதம் நாங்கள் போன வேனும் காலை ஆறு மணிக்கு 'கர்ர்... கர்ர்...' என்றதோடு சரி.

"டீசல் உறைஞ்சு போச்சாண்ணே?" என்றான் நண்பன்.

டிரைவர் அண்ணன் சிரித்தார். "அது லடாக் சமாச்சாரம் தம்பி!"

வாஸ்தவம். டீசலில் உள்ள மெழுகு கட்டியாகும் அளவுக்கு நம்ம மலையில் குளிராது. லடாக் போன்ற இடங்களுக்காக இந்தியன் ஆயில் 2019-ல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலே கொண்டுவந்தது. இங்கே காரணம் வேறு.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை அழுத்தோ அழுத்தென்று அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலைப் பற்ற வைக்கிற ஏற்பாடு. ராத்திரி முழுக்க ஜில்லிட்ட இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும். ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக். பழைய வண்டிகளில் சாவியைத் திருப்பி, பதினைந்து, இருபது விநாடி பொறுத்து செல்ஃப் அடிக்கணும்.

அண்ணன் சொன்ன வைத்தியம் சுலபம்: "செல்ஃப் மெதுவா சுத்துனா பேட்டரியைப் பாருங்க. நல்லா சுத்தி வெள்ளைப் புகை மட்டும் வந்தா ஹீட்டர் பிளக். புகையே வரலேன்னா டீசல் போய்ச் சேரலை, ஏர் பிடிச்சிருக்கு!"

பேட்டரி கதை நமக்குப் பழக்கமானதுதான். குளிரில் அதன் பலம் குறையும். ஆயில் கெட்டியாகி, என்ஜினைச் சுற்ற அதிக பலம் தேவைப்படும். வரவு குறைந்து செலவு கூடுகிற மாசக் கடைசி! ஏர் பிடித்திருந்தால் ஃபில்டர் பக்கத்தில் உள்ள கைப்பம்பை அடித்து ஏர் எடுக்க வேண்டும். தினமும் பிடித்தால் டியூபில் எங்கோ கசிவு.

எங்களுக்கு வந்தது வெள்ளைப் புகை. அண்ணன் பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றி, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து டெஸ்ட் லைட்டை ஒவ்வொன்றாகத் தொட்டார். நல்ல பிளக் என்றால் லைட் எரியும். நாலில் இரண்டு மௌன விரதம்!

"சரிவாத்தானே இருக்கு, உருட்டி விட்டா ஸ்டார்ட் ஆயிடுமே?" என்றான் நண்பன். அண்ணன் முகம் மாறியது. "என்ஜின் ஓடுனாத்தான் பிரேக்குக்கு வேக்கம் கிடைக்கும். ஆஃப்ல இறங்குனா ஒண்ணு ரெண்டு அமுக்குக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். முதல் வளைவுலேயே கதை முடிஞ்சுரும் தம்பி!"

கேலி பேசிக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப். பேப்பரைக் கொளுத்தி காற்றுக்குழாயில் காட்டலாமா என்று கேட்க வாயெடுத்தவரும் மூடிக்கொண்டார்.

டேஷ்போர்டில் இருந்த இரண்டு பிளக்கை மாட்டி, பட்டையை உப்புத்தாளால் தேய்த்து, இருபது விநாடி பொறுத்து... கிளம்பியது வண்டி!

நீங்களும் பழைய வேனில் போவதாக இருந்தால், தருமபுரியிலேயே ஹீட்டர் பிளக்கையும் பேட்டரியையும் பார்த்துவிட்டு ஏறுங்கள். மேலே சமதளமான இடத்தில், பானெட் கிழக்கே பார்க்க நிறுத்துங்கள். காபி குடித்து முடிப்பதற்குள் சூரிய பகவான் பாதி மெக்கானிக் வேலையைப் பார்த்துவிடுவார்... கூலியே கேட்காமல்!