ஐந்து விரலையும் விரித்து

உத்திரமேரூர்க் கல்வெட்டில் எனக்குப் பிடித்தது குடவோலை அல்ல, விரல். ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடத்திலிருந்து சிறுவன் எடுத்துத் தரும் பெயர் எழுதிய ஓலையை மத்தியஸ்தன் வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். விரலிடுக்கில் வேறு ஓலை இருந்துவிடக் கூடாதே! பராந்தக சோழன் காலம், 921. நம்மவர்களை நம்மவர்கள் அப்போதே எவ்வளவு சரியாக எடைபோட்டிருக்கிறார்கள்.

இந்த விரல் என்னிடம் வந்து சேர்ந்தது டெக்சாஸ் வழியாக. தம்பி மகள் டல்லாஸ் பக்கம் இருக்கிறாள். ஒன்பது வயது மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறாள். அந்த மாநிலம் வீட்டுப்பள்ளியிடம் கேட்கும் பாடங்கள் ஐந்தே: வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு. சரித்திரம் அதில் இல்லை. இல்லாத பாடத்துக்குத்தான் இணையத்தில் இலவசப் பாடத்திட்டங்கள் குவிந்து கிடக்கின்றன. தாய்மார்கள் தங்கள் பிள்ளைக்காகத் தயாரித்ததை வாரக்கணக்குப் போட்டு, அட்டவணை கட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிடுகிறார்கள். ஒரு பைசா கிடையாது. பார்த்தபோது, கோயில் வாசலில் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

ஆனால் புத்தகப் பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. 1905-இல் ஒரு ஸ்காட்லாந்து அம்மையார் எழுதிய இங்கிலாந்து வரலாறு. 1924-இல் பால்டிமோரில் ஒரு தலைமையாசிரியர் எழுதிய உலகச் சரித்திரம். காரணம் எளிது. பதிப்பாகி 95 ஆண்டு கடந்த அந்தக் காலத்துப் புத்தகங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை இல்லை. பழைய சரித்திரம் சும்மா கிடைக்கும், புதிய சரித்திரத்துக்குத்தான் காசு. பாட்டி வீட்டுப் பாத்திரம் மாதிரி, கனமாக, அழகாக இருக்கும். ஈயம் பூசி எத்தனை வருஷமாயிற்று என்று யாரும் பார்ப்பதில்லை.

"தென்னிந்தியா எதுலயுமே இல்ல பெரியப்பா. நீங்கதான் எழுதித் தரணும். சும்மாதானே இருக்கீங்க?" என்றாள். கடைசி வாக்கியம் மட்டும் சுருக்கென்றது. நேரு மகளுக்கு 196 கடிதங்களில் உலகச் சரித்திரம் எழுதினார் என்றால் அவர் சிறையில் இருந்தார். நான் ஓய்வூதியத்தில் இருக்கிறேன். ஏறக்குறைய ஒன்றுதான்.

எழுத உட்கார்ந்தபோது முன்மாதிரியாக எடுத்து வைத்துக்கொண்டது நேருவை அல்ல, கோம்பிரிக்கை. கலை வரலாற்று மேதையாகப் பிற்காலத்தில் பெயர் பெற்ற அவர், 1935-இல் வியன்னாவில் முனைவர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலையில்லாமல் இருந்த 26 வயது இளைஞர். நண்பர் வீட்டுச் சிறுமி ஒருத்திக்குத் தன் ஆய்வை அவளுக்குப் புரிகிற மொழியில் கடிதத்தில் விளக்கிப் பார்த்திருந்தார். அந்த ருசி விடவில்லை. குழந்தைகளுக்கான ஆங்கிலச் சரித்திர நூல் ஒன்றை மொழிபெயர்க்க முடியுமா என்று ஒரு பதிப்பாளர் கேட்டபோது, இதைவிட நன்றாக நானே எழுதுவேன் என்றார். வாய்ச்சவடால்தான். ஆறு வாரம் கெடு கொடுத்தார்கள். நாளுக்கு ஓர் அத்தியாயம்: பகலெல்லாம் படிப்பது, ராத்திரி எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை, பின்னால் மனைவியாகப் போகிற இல்ஸாவைக் கூட்டிக்கொண்டு வியன்னாக் காடுகளுக்குப் போய் வாசித்துக் காட்டுவது. கற்கால மனிதனையும் எகிப்தையும் மரத்தடியில் கேட்டு அவரையே கட்டிக்கொண்டாள் என்றால், அந்தப் பெண்ணின் பொறுமையைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதலாம்.

புத்தகம் நன்றாக விற்றது. சண்டையை வெறுக்கிறது என்று நாஜிகள் தடை செய்தார்கள். என்னைக் கட்டிப்போட்ட இடம் அதற்கும் பிறகு வருகிறது. ஐம்பது ஆண்டு கழித்து மறுபதிப்புக்குப் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்தார் கோம்பிரிக். அதில், முதல் உலகப் போரின் முடிவைப் பற்றித் தான் முன்பு எழுதியது சரியில்லை என்று குழந்தைகளிடம் ஒப்புக்கொள்கிறார். அமெரிக்க அதிபர் வில்சனின் வாக்கை நம்பி ஜெர்மானியர்கள் ஏமாந்தார்கள் என்பது அந்த நாளில் எல்லாரும் பேசிய பேச்சு. தான் வாழ்ந்த காலம்தானே என்று சரிபார்க்காமல் எழுதிவிட்டாராம். தொலைதூரத்து எகிப்துக்கு நூலகம் போனவர், தன் தெருவில் நடந்ததற்குப் போகவில்லை. 2001-இல் இறக்கும்போது 92 வயது. அப்போதும் அந்தப் புத்தகத்தை ஆங்கிலத்தில் மாற்றித் திருத்திக்கொண்டுதான் இருந்தார்.

இதைப் படித்து மனம் உருகிய அதே வாரத்தில்தான் என் உத்திரமேரூர்ப் பாடத்தை எழுதி அனுப்பினேன். பதினான்கு பக்கம். கடைசியில் பெருந்தன்மையாக, 'இலவசம், யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி.

சனிக்கிழமை இங்கே மாலை ஆறரை, அங்கே காலை எட்டு. பேத்தி பால் காய்ச்சும் எவர்சில்வர் சொம்போடு திரையில் வந்தாள். பாத்திரம் கழுவும் எந்திரத்தைக் காலி செய்வது யார் என்று குடவோலை நடத்தப் போகிறாளாம். அப்பா, அம்மா, தான், நாய் என நான்கு சீட்டு. பாடத்தில் சொன்னபடி, எடுக்கப் பக்கத்து வீட்டுப் பொடியன். அம்மா ஐந்து விரலையும் விரித்து வாங்கினாள். நாயின் பெயர் வந்தது. எல்லாரும் கைதட்டினோம்.

"தாத்தா, அந்த ஊர்ல அம்மா பேரு குடத்துல இருந்திருக்குமா?"

நான் எழுதியிருந்தது: 'ஊர் மக்கள் எல்லாரும் கூடித் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.' என் ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்த வாக்கியம் என்று நினைக்கிறேன். கை தானாக எழுதியது. கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. அந்த ஊர் பிராமணர்களுக்குத் தானமாக விட்ட பிரமதேயம். குடத்தில் பெயர் போட வேதம் படித்திருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35 முதல் 70. அந்த நிலத்தில் இறங்கி நாற்று நட்டவர்களின் பெயர் எந்தக் குடத்திலும் இல்லை. நட்டவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருந்திருப்பார்கள். விரலை விட்டுவிடாமல் எழுதியவன், கையை விட்டுவிட்டேன்.

"இல்லம்மா. தாத்தா தப்பா எழுதிட்டேன்."

"ஓகே. மாத்திடுங்க," என்றாள், சொம்பைக் கவிழ்த்தபடி.

அன்று இரவே மாற்றினேன். அனுப்பினேன். ஆனால் பழையது அதற்குள் தம்பி மகளின் தோழிகளிடம் போய், அவர்களிடமிருந்து எங்கெங்கோ போய்விட்டிருந்தது. காசு கொடுத்து வாங்கியவனுக்கு ரசீதாவது இருக்கும், தேடிப் பிடித்துச் சொல்லலாம். இலவசமாகக் கொடுத்ததை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

போன மாதம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் அது வந்தது. என் பெயர் போயிருந்தது. தலைப்பு 'உலகுக்கே ஜனநாயகம் கற்றுத் தந்த தமிழன்!' என்று மாறியிருந்தது, கூப்பிய கைகளின் படத்தோடு. 'ஊர் மக்கள் எல்லாரும்' அப்படியே இருந்தது. அனுப்பியவர் சங்கச் செயலாளர். இரண்டு வருஷமாகப் பராமரிப்புப் பணத்துக்குக் கணக்கு வைக்காதவர்.

மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே யாரும் கைவைக்கவில்லை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும், அவனுடைய சித்தி பெரியம்மா பிள்ளைகளும், அத்தை பிள்ளைகளும், மாமன் பிள்ளைகளும், மருமகனும் குடத்தில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள் என்று நான் ரசித்து ரசித்து எழுதிய பத்தி. அதை மட்டும் வெட்டியெடுத்துக் குழுவில் போட்டேன்.