அந்தக் கடைக்கு வாடகை யார் குடுக்குறா?

கொரிய நாவல்களில் ஒரு வகையை இப்போது அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தி நேரம், விளக்கு எரியும் ஒரு சின்னக் கடை, பக்கத்தில் ஒரு மரம், முடிந்தால் ஒரு பூனை. புத்தகக் கடை, சலவைக் கடை, விடிய விடியத் திறந்திருக்கும் கன்வீனியன்ஸ் ஸ்டோர், கனவு விற்கும் டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்று கடைதான் மாறும். வேலையில் ஓய்ந்துபோன ஒருவர் உள்ளே வருவார். யாராவது காபி கொடுப்பார்கள். பெரிதாக எதுவும் நடக்காது. கடைசிப் பக்கத்தில் அவர் கொஞ்சம் தேறியிருப்பார். இதற்கு ‘ஹீலிங் ஃபிக்‌ஷன்’ என்று பெயர்.

இலக்கிய நண்பர்களிடம் இவற்றைப் பற்றிப் பேசினால் ஒரு சிரிப்பு வரும். “கஷாயம் இல்ல, ஹார்லிக்ஸ்” என்றார் ஒருவர். நான் ஹார்லிக்ஸ் பக்கம்தான். ஆனால் ஆறுதல் மட்டும் காரணமில்லை.

இந்த வகையில் ஐந்து நாவல்களை 2024 மாசியிலும் பங்குனியிலும், அரூர் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு படித்தேன். பெங்களூரில் ஐந்து வருட வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். அமெரிக்க நேரத்துக்கு ஓடும் சப்போர்ட் டீம். வாரக்கணக்கில் ‘ஆன்-கால்’, தலையணைக்கடியில் போன். கடைசி ஆறு மாதம் ஒரே மின்னஞ்சலை நான்கு தடவை படித்தாலும் மண்டையில் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ்சுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருபக்கம் லேப்டாப் பை மாட்டிய எங்களைப் போன்றவர்கள். இன்னொரு பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், சிமென்ட் சாக்கில் பாத்திரமும் துணியும், இடுப்பில் தூங்கும் குழந்தையும். எல்லோருக்கும் ஒரே பஸ்தான். எனக்கு மத்தியானமே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும்.

‘பர்ன்-அவுட்’ என்ற சொல்லை 1974-இல் உளவியல் கட்டுரைக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பெர்ட் ஃப்ராய்டன்பெர்கர். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் அதற்கு விளக்கம் எழுதியது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, செய்யும் வேலையில் திறன் குறைவது என்று மூன்று அடையாளங்கள். அதை நோய் என்று சொல்லவில்லை. வேலைசார் நிலை என்றது. அம்மாவிடம் இதைச் சொன்னால், “ஓஞ்சு போயிட்டேன்னு சொல்லு” என்றார். தமிழில் அது ஒரு வினோதமான வேர்ச்சொல். மழை ஓய்ந்தது என்றால் நின்றுவிட்டது. கை ஓய்ந்துவிட்டது என்றால் களைத்துவிட்டது. ஓய்வு என்றால் இளைப்பாறல். நோயும் மருந்தும் ஒரே வேரில் இருக்கின்றன.

அந்த ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஹ்வாங் போ-ரூம் எழுதிய ‘வெல்கம் டு தி ஹ்யுநாம்-டாங் புக்‌ஷாப்’. வேலையையும் மணவாழ்க்கையையும் விட்டு வந்த யோங்-ஜு, சியோலின் ஒரு குடியிருப்புப் பகுதியில் புத்தகக் கடை திறக்கிறாள். ஊர்ப் பெயரில் உள்ள ‘ஹ்யு’ ஓய்வைக் குறிக்கும் சீன எழுத்து. மரத்தின் பக்கத்தில் ஒரு மனிதன் இருக்கும் வடிவம் அது. (எங்கள் ஊரில் கண்ணில் படுவதெல்லாம் புளியமரம். அதனடியில் படுத்தால் பேய் பிடிக்கும் என்பார்கள்.) கடையில் காபி போட வரும் மின்-ஜுன் நல்ல மதிப்பெண், நல்ல கல்லூரி எல்லாம் சேர்த்தும் வேலை கிடைக்காதவன். பொத்தான்களை அருமையாகத் தைத்தோம், சட்டையில் துளைதான் இல்லை என்ற எண்ணம் அவனுக்கு. ஜங்-சோ நிரந்தரமாக்குவோம் என்ற பேச்சை நம்பி வருடக்கணக்கில் ஒப்பந்த ஊழியராக இருந்துவிட்டு வெளியே வந்தவள். கடையில் மணிக்கணக்காக உட்கார்ந்து நூல் பின்னுவாள்.

நான் படுத்திருந்த திண்ணைக்கு எதிரே வாசலில் புளி தட்டுவார்கள். மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் பல வீடுகளில் இதுதான் வேலை. ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். கூலி கிலோ கணக்கு. அம்மாவும் நான்கைந்து பேரும் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை டொக் டொக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். என்ன படிக்கிறாய் என்று கேட்பார்கள். தினமும் கொஞ்சம் கதை சொல்வேன்.

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல பெரிம்மா. காபி குடிக்கிறாங்க.”

“அட, இதுக்கா ஒரு புஸ்தகம்?”

ஜங்-சோ பின்னும் கதையைச் சொன்ன அன்று பெரியம்மா கேட்டார்: “ஒண்ணு பின்னுனா எவ்ளோ குடுப்பாங்க?”

“காசெல்லாம் இல்ல. மனசு அடங்கறதுக்குப் பின்னுறா. மத்தவங்களுக்குச் சும்மா குடுத்துடுவா.”

“அப்ப அது வேல இல்ல பாப்பா. ஓய்வு.”

இந்த நாவல்களைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் இவ்வளவு கூர்மை இல்லை. கையால் செய்யும் மெதுவான வேலை மனதை ஆற்றும் என்று நாமும் நம்புகிறோம். அதற்கு மண்பாண்ட வகுப்பு, எம்பிராய்டரி வகுப்பு எல்லாம் வந்துவிட்டன. என் முன்னால் ஐந்து பெண்கள் அதே போன்ற மெதுவான, திரும்பத் திரும்பச் செய்யும் கைவேலையில் தோள்பட்டை இற்றுப்போய் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு தராசுதான் வித்தியாசம். எடை போடாத இடத்தில் அது ஓய்வு. எடை போடும் இடத்தில் கூலி வேலை.

அம்மாவின் கேள்வி வேறு. யோங்-ஜு கடை திறந்த புதிதில் அழுதுகொண்டும் படித்துக்கொண்டும் இருந்தாள் என்று சொன்னபோது, கையை நிறுத்தாமலே கேட்டார்: “அந்தக் கடைக்கு வாடகை யார் குடுக்குறா?”

நாவல் இந்தக் கேள்வியிலிருந்து ஓடவில்லை; அதனால்தான் அதன்மேல் எனக்கு மரியாதை. கடை தாங்குமா, ஊழியருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க முடியுமா என்று யோங்-ஜு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். தான் தேறுவதற்காகத் திறந்த கடையில் இன்னொருவன் தேய்ந்துபோகக் கூடாது என்பது அவள் கவலை. கிம் ஹோ-யோனின் கன்வீனியன்ஸ் ஸ்டோர் நாவலிலும், ஓய்வுபெற்ற ஆசிரியையான முதலாளியம்மா கடையை மூடாமல் இருப்பது ஊழியர்களின் பிழைப்புக்காகத்தான். எழுதியவர்களும் மேகத்திலிருந்து இறங்கியவர்கள் இல்லை. ஹ்வாங் போ-ரூம் எல்ஜி எலக்ட்ரானிக்ஸில் மென்பொருள் எழுதியவர். கனவுக் கடை நாவலின் லீ மி-யே சாம்சங்கில் பொறியாளராக இருந்தவர்.

அவர்கள் நாட்டில் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 68 மணி நேரத்திலிருந்து 52-ஆகக் குறைந்ததே 2018-இல்தான். 2023 மார்ச்சில் அரசாங்கம் அதை 69 வரை நீட்டிக்கப் பார்த்தது. இளைஞர்கள் கொதித்ததும் பின்வாங்கியது. அடுத்த மாதமே, ஏப்ரல் 21 அன்று, நம் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தில் திரும்பப் பெறப்பட்டது. அங்கே இந்த நாவல்கள் லட்சக்கணக்கில் விற்றதற்கும் அந்த மணிக்கணக்குக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஹார்லிக்ஸ் என்று சிரிப்பவர்கள், இத்தனை பேருக்கு ஏன் அது தேவைப்படுகிறது என்றும் கேட்க வேண்டும்.

என் கதையில் வாடகை யார் கொடுத்தார்கள் என்பது வெளிப்படை. கல்விக் கடன் முந்தைய வருடம்தான் முடிந்திருந்தது. கையில் நான்கு மாதச் சேமிப்பு. சாப்பாடு அம்மா போட்டார். களி கிண்டி, குழம்பு வைத்து, திண்ணைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் புளி தட்டப் போவார். “பொண்ணு வேலைய விட்டுட்டாளாமே?” என்று கேட்டவர்களுக்கெல்லாம், “லீவுல வந்திருக்குது” என்று அவரே பதில் சொல்லிக்கொண்டார். ஹ்யுநாம்-டாங்கில் காபி, புத்தகம், மர மேசை எல்லாம் சேர்ந்து செய்த வேலையை இங்கே ஒரே ஆள் செய்தார். அவர் உட்கார ஒரு கடை இல்லை.

சித்திரையில் புளி முடிந்தது. நானும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன்; சம்பளம் குறைவு, இரவு வேலை இல்லை. கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு மத்தியானம், அம்மா திண்ணையில் பாயை விரித்துப் படுத்தார். தூங்கவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன பெரியம்மா நின்று, “ஏன், ஒடம்புக்கு என்ன?” என்றார்.

“ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்.”

பெரியம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் டீ போடப் போனேன்.